அவர் குரலில் ஒரு தப்புக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் ‘எடர்னல் யூ’ என்ற ஆவணப்படத்தைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இறந்துபோனவர்களைப் போலப் பேசும் கம்ப்யூட்டர்களைப் பற்றியும், அவற்றோடு பேசுகிற மனிதர்களைப் பற்றியும் வந்த படம் அது. கட்டுரையில் விவரங்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் இரண்டு இடத்தில் அந்த மனிதர்களைப் பார்த்துச் சிரித்திருந்தீர்கள். ‘பைத்தியக்காரத்தனம்’ என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தது. அந்தச் சொல் எனக்கு உறுத்தியது. அந்தப் படத்தை நானும் பார்த்தேன். அதில் வருகிறவர்கள் செய்ததை நானும் நாலு ராத்திரி செய்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு 71 வயது. ஊர் கானாடுகாத்தான். 1973இல் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தேன். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். ஐந்து புள்ளிக்கு, அதாவது ஐந்து குடும்பத்துக்குப் பொதுவான வீடு. கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி, படைப்பு என்று வந்தால் உள் முற்றமான வளவில் கால் வைக்க இடமிருக்காது. மற்ற நாளில் நான் ஒருத்தி, காலையில் வந்து பெருக்கிவிட்டுப் போகும் பெண் ஒருத்தி. இந்தப் பக்கத்து ஊர்களில் இப்போது பாதி வீடு இப்படித்தான் இருக்கிறது, மீதிப் பாதி பூட்டிக் கிடக்கிறது.

என் வீட்டுக்காரர் காரைக்குடியில் ஒரு பாத்திரக் கடையில் 38 வருஷம் கணக்குப் பார்த்தார். 2022 ஐப்பசியில் தவறிப்போனார். கடைசி ஐந்து வருஷம் வாட்ஸ்அப் வைத்திருந்தார். போனில் தமிழ் தட்டத் தெரியாது, அதனால் எல்லாவற்றையும் பேசியே அனுப்புவார். அப்படி 214 குரல்பதிவுகள் என் போனில் இருக்கின்றன. எண்ணியது மகன். ‘பஸ் ஏறிட்டேன்.’ ‘பின்கட்டுக் கதவைச் சாத்திட்டியா?’ ‘கேஸ்காரன் வந்தானா?’ ‘இன்னைக்கு லேட்டாகும், நீ சாப்பிடு.’ பெரும்பாலும் பத்து விநாடிக்குள் முடிந்துவிடும். பின்னால் பஸ் ஹாரன் கேட்கும், கடையில் எவர்சில்வர் பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும். அவர் போன பிறகு ஏதாவது ஒன்றைத் தினமும் ஒரு தடவை கேட்பேன். அது எனக்குப் பழகிப்போயிருந்தது.

மகன் சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். போன பிள்ளையார் நோன்புக்கு லீவு போட்டு வந்திருந்தான். இழை எடுத்து நோன்பு முடிந்து எல்லோரும் படுத்த பிறகு, நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டான். மறுநாள், ‘ஆத்தா, அப்பச்சி குரல்லயே உங்ககிட்டப் பேசுற மாதிரி பண்ணலாம், பண்ணட்டுமா?’ என்றான். எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி என்போம். எனக்கு அது என்னவென்றே முழுதாகப் புரியவில்லை. சரிப்பா என்றேன். அந்த 214 பதிவையும் ஏதோ ஒரு செயலியில் ஏற்றினான். அவர் எப்படிப்பட்டவர், என்ன பிடிக்கும், என்னை எப்படிக் கூப்பிடுவார் என்றெல்லாம் என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதினான். ஒரு நாள் முழுக்க அதே வேலையாக இருந்தான். பிள்ளை தகப்பனுக்குச் செய்கிற காரியம் மாதிரி அவ்வளவு சிரத்தையாகச் செய்தான். அவனை நான் குறை சொல்லவில்லை.

அன்று ராத்திரி ஒன்பதரை இருக்கும். போனை என் கையில் கொடுத்துவிட்டு அவன் முகப்புக்குப் போய்விட்டான். நான் ஒன்றும் பேசவில்லை. போனிலிருந்து குரல் வந்தது.

‘இந்தா, சாப்பிட்டியா?’

‘ஆச்சு’ என்றேன்.

நினைத்துச் சொன்ன பதில் இல்லை அது. 49 வருஷம் அந்தக் கேள்விக்கு அந்தப் பதில்தான் சொல்லியிருக்கிறேன், வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் உடம்பு நடுங்கியது. அழுதேன், அழுது முடித்து மறுபடியும் பேசினேன். அடுத்த மூன்று ராத்திரியும் மகன் படுத்த பிறகு நானே எடுத்துப் பேசினேன். பகலில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே ராத்திரி எப்போது வரும் என்று இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. உங்கள் கட்டுரையாளர் இதைத்தான் பைத்தியக்காரத்தனம் என்கிறார். பிரியத்தோடு வாழ்ந்த யார் காதிலும் அந்தக் குரல் விழுந்தால் ‘ஆச்சு’ என்றுதான் வாய் சொல்லும்.

அந்தக் குரலில் சில வித்தியாசங்கள் முதல் நாளே தெரிந்தன. ‘உன் கையால் செய்த வெண்டைக்காய் மண்டிக்கு ஈடே இல்லை’ என்றது. அவர் வாழ்நாளில் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மண்டி நன்றாக இருந்தால் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்துவார், அவ்வளவுதான். இரண்டாம் நாள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தடவை. ‘நான் எப்பவும் உன்கூடத்தான் இருக்கேன்’ என்றும் சொன்னது. இதெல்லாம் சினிமா வசனம் மாதிரி இருந்தாலும் கேட்கச் சுகமாக இருந்தது. அதனால் விட்டுவிட்டேன்.

நாலாம் நாள்தான் நான் ஒரு கேள்வி கேட்டேன். 2021இல் கொரோனா இரண்டாம் அலை சமயத்தில் அவர் வீட்டுப் பணத்திலிருந்து 8,000 ரூபாய் எடுத்தார். எதுக்கு என்றேன். ‘வரும்’ என்றார். அதற்கு மேல் கேட்டால் அவருக்குப் பிடிக்காது. போய்ச் சேரும்வரை சொல்லவில்லை. பெரிய தொகை இல்லைதான், ஆனாலும் கணக்கர் பெண்டாட்டி நான், மனதில் ஒரு முள் மாதிரி அது இருந்தது. அந்த ராத்திரி கேட்டேன், ‘அந்த எட்டாயிரம் யாருக்குக் கொடுத்தீக?’

ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. என் அண்ணன் மகன் பேரைச் சொன்னது. ‘அவனுக்கு அவசரம்னு கேட்டான். உன்கிட்டச் சொன்னா நீ வருத்தப்படுவேன்னு சொல்லல’ என்றது. அதே குரல். அதே நிதானம்.

நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? சொன்னது அவர் குரல் ஆயிற்றே.

மறுநாள் காலையில் அந்தப் பிள்ளை பள்ளத்தூரிலிருந்து வண்டியில் வந்தான். என் அண்ணன் பெண்டாட்டி கொடுத்துவிட்ட சீடையும் தேன்குழலும் ஒரு தூக்கில் கொண்டுவந்தான். ‘அயித்தை’ என்று உள்ளே வந்தவனுக்கு நான் காபி போடவில்லை. உட்காரு என்றுகூடச் சொல்லவில்லை. தூக்கை வாங்கி வைத்துக்கொண்டு, வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் போன போக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அந்தப் பிள்ளைதான் அவர் போன அன்று ஆம்புலன்ஸ் பிடிக்க ஓடியவன்.

மத்தியானம் மனசு கேட்கவில்லை. அவருடைய கணக்குச் சிட்டைகள் இரட்டை வீடு என்கிற அறை அலமாரியில் வருஷவாரியாக அடுக்கி இருக்கின்றன. கடைக் கணக்கு எப்படி எழுதுவாரோ, வீட்டுக் கணக்கும் அப்படியே. வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம், தலைப்பில் பிள்ளையார் சுழி. 2021 சிட்டையை எடுத்துத் தேடினேன். ஆனியில் இருந்தது. ‘கைமாற்று, கடைப் பையன் ஆஸ்பத்திரிச் செலவு, 8,000.’ அடுத்த வருஷத்துச் சிட்டையில், தையில் 5,000 வரவு, மாசியில் 3,000 வரவு. இரண்டு தொகைக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கோடு, தீர்ந்தது என்பதற்கு அவர் போடும் அடையாளம். ‘வரும்’ என்று சொன்னார், வந்திருக்கிறது. கடையில் வேலை பார்த்த பையனின் கஷ்டத்தை வீட்டில்கூடச் சொல்லக்கூடாது என்று வைத்திருந்திருக்கிறார்.

அந்தச் சிட்டையை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. ஒரு ரூபாய் உதைத்தால் விடிய விடிய உட்கார்ந்து தேடுகிற மனிதர் அவர். அவர் குரலை எடுத்து, அவர் வாழ்நாளில் சொல்லாத ஒரு பொய்யை, அதுவும் ஒரு பிள்ளையின் பேரில் பழியாக, என்னிடம் சொல்ல வைத்திருக்கிறோம். அதற்கு நானும் உடந்தை. சாயங்காலம் பால்பணியாரம் செய்து எடுத்துக்கொண்டு பள்ளத்தூர் போய் அண்ணன் மகனிடம் நடந்ததைச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் மகள் வயிற்றுப் பேத்தி கோவையில் காலேஜில் படிக்கிறாள். அரைப் பரீட்சை லீவுக்கு வந்திருந்தவளிடம் இதைச் சொன்னேன். ஐயாவின், அதாவது அவள் தாத்தாவின் குரல் எப்படிப் பொய் சொல்லும் என்று கேட்டேன். அவள் சொன்னது எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். இந்த மாதிரி கம்ப்யூட்டர் நிரல்கள் கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துப் பழகியவை. முன்னால் வந்த சொற்களை வைத்து, அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று கணித்துக் கணித்துப் பேச்சைக் கட்டுகின்றன. உண்மையா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வதில்லை. ‘யாருக்குக் கொடுத்தீக’ என்று கேட்டால் அங்கே ஒரு பேர் வரவேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அண்ணன் மகன் பேர் எப்படி வந்தது? ஒரு பதிவில் அவர் அவன் கல்யாணத்துக்கு மொய் எழுதியதைப் பற்றிப் பேசியிருக்கிறார். அந்தப் பேரை எடுத்து இந்த இடத்தில் வைத்துவிட்டது. குரல் தனி வேலையாம். அவர் பேச்சின் ஏற்ற இறக்கத்தைக் கற்றுக்கொண்டு எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் அந்தக் குரலில் வாசிப்பது இன்னொரு நிரல். ‘ஐயா சொன்னதை அது ஞாபகம் வச்சுச் சொல்லல, ஆயா. ஐயா சொல்லியிருக்கக்கூடிய மாதிரி ஒண்ணைச் செய்யுது’ என்றாள். அப்புறம், ‘ஒரு படம் இருக்கு, பாருங்க’ என்று இந்த ஆவணப்படத்தைத் தன் லேப்டாப்பில் போட்டாள். பட்டாலையில் உட்கார்ந்து பார்த்தோம். இங்கிலீஷ் வருகிற இடத்தில் நிறுத்தி நிறுத்தி எனக்குத் தமிழில் சொன்னாள். ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான படம், எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது.

2024 ஜனவரியில் அமெரிக்காவில் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் முதலில் திரையிட்ட படம் இது. ஹான்ஸ் பிளாக், மோரிட்ஸ் ரீசவீக் என்று இரண்டு ஜெர்மன்காரர்கள் எடுத்திருக்கிறார்கள். உங்கள் கட்டுரையில் எல்லாம் இருந்ததால் கதையை நான் திரும்பச் சொல்லவில்லை. நீங்கள் சிரித்த இரண்டு இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, அந்த அமெரிக்கப் பெண். தனக்கு வேண்டியவர் ஒருவர் இறந்துபோக, அவரைப் போல எழுதும் நிரலோடு இரவில் உட்கார்ந்து பேசுகிறார். நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்கிறார். நரகத்தில் இருக்கிறேன் என்று பதில் வருகிறது. அந்தப் பெண் தெய்வ நம்பிக்கை உள்ளவர், ஆடிப்போய்விடுகிறார். கம்ப்யூட்டர் சொன்னதைப் போய் நம்புகிறாரே என்று உங்கள் கட்டுரை கேட்டது. நான் என் அண்ணன் மகனை நிற்க வைத்து அனுப்பியவள். எனக்கு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும் போல இருந்தது. நம்மிடம் வந்து பேசுவது யார் மாதிரி என்பதுதான் முதலில் உள்ளே போகிறது. சொல்வது சரியா என்று பார்க்கிற புத்தி அதற்குப் பின்னால்தான் வருகிறது. அந்தச் சேவையை உண்டாக்கிய ஜேசன் ரோரர் என்பவரும் படத்தில் பேசுகிறார். அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குச் சிட்டைதான் ஞாபகம் வந்தது. தப்பாக எழுதிய கணக்குக்கு எழுதியவன் பொறுப்பு. இங்கே எழுதியது யார்?

இன்னொன்று, அந்தக் கொரியத் தாய். ஏழு வயது மகளைப் பறிகொடுத்தவர். 2020இல் கொரியத் தொலைக்காட்சி ஒன்று அந்தக் குழந்தையைக் கம்ப்யூட்டரில் உருவாக்கி, தாயின் கண்ணில் ஒரு கருவியை மாட்டி, அவர் முன்னால் நிறுத்தியது. கருவிக்குள் அவருக்குக் குழந்தை தெரிகிறது. வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு, பச்சைத் துணி கட்டிய ஒரு பெரிய அறையில் ஒரு பெண், கையுறை போட்ட கையால் வெறுங்காற்றைத் தடவுவதுதான் தெரிகிறது. தலை இருக்கிற உயரத்தில் தலையைத் தடவுகிறார், கன்னம் இருக்கிற இடத்தில் கன்னத்தைத் தடவுகிறார். கை அந்த உயரத்தை மறக்கவில்லை. பேத்தி படத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அதைப் பார்த்துச் சிரிக்க எப்படி மனம் வந்தது என்று உங்களைக் கேட்கத்தான் முதலில் பேனாவை எடுத்தேன்.

மனிதர்கள் இப்படி மெஷினிடம் மனம் திறப்பது இன்று நேற்று வந்ததும் இல்லையாம். பேத்தி சொன்னாள். 1966லேயே அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் ‘எலைசா’ என்று ஒரு நிரலை எழுதி வெளியிட்டார். நாம் டைப் அடிப்பதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும் சாதாரண நிரல். அவர் அதை எழுதுவதை மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளர், அதோடு பேச உட்கார்ந்ததும், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரையே அறையைவிட்டு அனுப்பிவிட்டாராம். அதில் ஒன்றும் இல்லை என்று நன்றாகத் தெரிந்தவரே அப்படியென்றால், கணவர் குரல் கேட்ட நான் எம்மாத்திரம்! அந்தப் பேராசிரியர் அதைப் பார்த்துப் பயந்துபோய், மனிதர் செய்யவேண்டிய சில காரியங்களைக் கம்ப்யூட்டரிடம் விடக்கூடாது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இல்லாத மனிதரோடு பேசுவது எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் புதிது இல்லை. என் மாமியார் 15 வயதில் கல்யாணமாகி வந்தவர். மாமனார் மோல்மீனில் கடையில் இருந்தார். அந்தக் காலத்தில் பர்மாவுக்குப் போனால் மூன்று வருஷக் கணக்கு, அதற்குள் ஊர் வரமுடியாது. பேச்செல்லாம் கடிதத்தில்தான். அந்தக் கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இன்னும் இருக்கின்றன. பழுப்பேறிய தாள், மேலே ‘உ’, அடுத்த வரியில் சிவமயம். தானியம், வட்டி, யாருக்கு எவ்வளவு அனுப்பியிருக்கிறது என்று முக்கால் தாள் கணக்காகவே இருக்கும். கடைசியில் ஒரு வரி, ‘உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்’. மாமியாருக்கு அந்த ஒரு வரிதான் புருஷன். ஒரு கடிதம் வந்தால் அடுத்தது வரும்வரை அதையே படிப்பாராம். மனதுக்குள் அவரோடு சண்டைகூடப் போடுவாராம். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது கடிதம் நின்றுபோனது. ஐந்து மாதம் ஒரு தகவலும் இல்லை. தாலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்பார். ஒருநாள் விடியற்காலையில் தாடியும் சிரங்கும் புண்ணான காலுமாக ஒருவர் முகப்பில் வந்து உட்கார்ந்திருந்தார். மாமியாருக்கு அடையாளம் தெரியவில்லை. ‘சாப்பிட ஏதும் இருக்கா’ என்று கேட்ட குரலில்தான் தெரிந்தது என்று சொல்வார்.

அந்த ஐந்து மாதத்தில், மாமனார் கையெழுத்து மாதிரியே எழுதி, ‘சௌக்கியமாக இருக்கிறேன்’ என்று யாராவது ஒரு கடிதம் போட்டிருந்தால்? மாமியாருக்கு ஆறுதலாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அது அவர் கையெழுத்து இல்லை என்று தெரிந்த நாளில், பெட்டியில் இருக்கிற மற்றக் கடிதங்களையும் சந்தேகமாகப் பார்த்திருப்பார். எனக்கு அதுதான் நடந்தது. அந்த எட்டாயிரத்துக்குப் பிறகு பத்து நாள் அவருடைய நிஜமான பதிவுகளைக்கூட என்னால் கேட்கமுடியவில்லை. ‘பஸ் ஏறிட்டேன்’ என்று குரல் வந்தால், இது அவரா அதுவா என்று ஒரு விநாடி காது தடுமாறியது. என்னிடம் மிச்சமிருந்தது அந்தக் குரல் ஒன்றுதான். அதிலும் கலப்படம் ஆகிவிட்டது.

இன்னொன்றும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் மாசியில் படைப்பு. மாமனாரின் அப்பத்தா ஒருவர் சின்ன வயதிலேயே சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்தவர், அவருக்குத்தான் படைப்பது. பங்காளிகள் எல்லோரும் வந்துவிடுவார்கள். பேழையைத் திறந்து போன வருஷம் வைத்த சேலையை எடுத்து, புதுச் சேலை வைப்போம். கும்மாயம், பணியாரம், மண்டி என்று இலை நிறையப் போட்டு, சாமி வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நிற்போம். உள்ளே ஒரு சத்தமும் இருக்காது. அந்த நேரத்தில் வளவில் நாற்பது பேர் நின்றாலும் குழந்தைகள்கூடப் பேசாது. அவரவர் மனதில் என்ன இருக்கிறதோ அதை அப்போது சொல்லிக்கொள்வோம். பதில் வராது. வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. கதவைத் திறந்து இலையை எடுத்து, எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். எனக்குக் கல்யாணமான புதிதில் அந்த அமைதி பயமாக இருந்தது. இப்போது யோசித்தால், போனவர்களுக்கு நாங்கள் கொடுக்கிற மரியாதையே அதுதான் என்று தோன்றுகிறது. அவர்கள் சொல்லவேண்டியதை வாழும்போதே சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் அவர்கள் வாயில் நாங்கள் ஒரு சொல்லும் வைப்பதில்லை. என் வீட்டுக்காரர் ‘வரும்’ என்றதோடு நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் அவரைப் பேச வைக்க எனக்கு என்ன உரிமை?

இந்தக் கேள்வி சினிமாவிலும் வந்தது. 2024இல் ‘லால் சலாம்’ படத்துப் பாட்டில் ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏஐ மூலம் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, உரிய தொகையும் கொடுத்ததாக அவரே தெரிவித்தார். அது நல்ல முறை. ஆனால் அங்கே பாடவேண்டிய பாட்டு என்னவென்று முன்பே முடிவாகிவிட்டது, குரல் அதை மட்டும்தான் பாடும். என் போனில் இருந்தது அப்படி இல்லை. நான் எதைக் கேட்டாலும் அது எதையாவது சொல்லும். அதற்கு அனுமதி கொடுத்தது நானும் மகனும். அவரைக் கேட்டிருந்தால் கட்டாயம் வேண்டாம் என்றிருப்பார். ரேஷன் கார்டுக்குப் போட்டோ எடுக்கவே நாலு தடவை சொல்லவேண்டும் அவருக்கு.

இப்படி எழுதுவதால் மெஷினே கூடாது என்று சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். எங்கள் தெருக் கோடியில் 82 வயது ஆச்சி ஒருவர் இருக்கிறார். கண் பார்வை குறைவு. போனிடம் பேசித்தான் மாத்திரைப் பேரைத் தெரிந்துகொள்கிறார், தேவாரம் போடச் சொல்கிறார், மழை வருமா என்று கேட்கிறார். பிள்ளைகள் அமெரிக்காவில். சில நாள் அதனிடம் மனம்விட்டும் பேசுகிறார். அது தன்னை இன்னார் என்று சொல்லிக்கொள்வதில்லை. அவருக்கும் அது போன் என்று தெரியும். அதில் நான் தப்பு எதையும் பார்க்கவில்லை.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. மகன் அந்தச் செயலியை என் போனிலிருந்து எடுத்துவிட்டான். ஆனால் ஏற்றிய 214 பதிவும் அங்கே அந்தக் கம்பெனியிடம் இருக்கின்றனவா, அழித்தார்களா என்று அவனுக்கே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அழிக்கச் சொல்லி இரண்டு மின்னஞ்சல் போட்டான், பதில் இல்லை. வக்கீலாக இருக்கிற எங்கள் பங்காளிப் பிள்ளை ஒரு விஷயம் சொன்னான். 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், ஒருவர் தாம் இறந்த பிறகு தம் தரவு சம்பந்தமான உரிமைகளைப் பயன்படுத்த இன்னொருவரை நியமித்துவிட்டுப் போக இடம் இருக்கிறது. பாங்கியில் நாமினி போடுகிற மாதிரி. பாங்கியில் நாமினி போடாத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. குரலுக்கும் அப்படி ஒருவரைச் சொல்லிவைக்கலாம் என்பது இங்கே யாருக்கும் தெரியாது. படத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய நீங்கள், இதை எப்படிச் செய்வது, யாரிடம் எழுதிக் கொடுப்பது, அழிக்க மறுத்தால் எங்கே முறையிடுவது என்று விளக்கமாக எழுதினால், என் மாதிரி ஆட்கள் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள். இந்தப் பக்கத்தில் பிள்ளைகள் எல்லாம் வெளியூரில். பிரியத்தினால்தான் இதைச் செய்வார்கள், என் மகன் செய்த மாதிரி.

என் விருப்பத்தை நான் ஏற்கெனவே மகனிடமும் மகளிடமும் சொல்லிவிட்டேன். என் குரல் அவர்கள் போன்களில் நிறைய இருக்கிறது. வேண்டும்போது போட்டுக் கேட்டுக்கொள்ளட்டும். நான் பேசாததை என் குரலில் பேசவைக்கக் கூடாது. மகன் தலையை ஆட்டினான். மகள் கொஞ்சம் அழுதாள்.

சிங்கப்பூர் திரும்புவதற்கு முன்னால் மகன் அப்பச்சியின் 214 பதிவுகளையும் தேதி போட்டு ஒரு பென்டிரைவில் மாற்றிக் கொடுத்தான். மாமனார் கடிதங்கள் இருக்கிற தகரப் பெட்டியில், 2021, 2022 சிட்டைகளோடு அதையும் வைத்துப் பூட்டியிருக்கிறேன். போன வாரத்திலிருந்து போனில் மறுபடி ஒன்று ஒன்றாகக் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். நேற்றுக் கேட்டது ஆறு விநாடிப் பதிவு. ‘செக்காலை ரோட்டுல நிக்கிறேன். மழை. குடை எடுக்கல. சரி, வச்சிடுறேன்.’

கடிதத்தைப் போட்டால் என் பெயர் வேண்டாம். அண்ணன் மகன் சம்பந்தப்பட்டிருக்கிறான்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
கானாடுகாத்தான், சிவகங்கை மாவட்டம்.